சாம்பலுக்கு இடமில்லை

சமாதானபுரத்தில் எங்கள் பிளெக்ஸ் கடை.
காதணி விழா, கண்ணீர் அஞ்சலி,
கட்சிக்காரர் பிறந்தநாள்,
மூன்றுக்கும் ஒரே ரோஜாப்பூ ஃபைல்தான்.
ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இங்கிலாந்துக்காரர் ஒருவருக்குக் கேடயம் வரைகிறேன்.

ஹெரன் என்பது அவர் குடும்பப் பெயர்.
ஆயிரத்து முன்னூற்று இருபதில்
ஒரு குதிரைவீரன் தூக்கியிருக்கக்கூடியதாய் வேண்டுமாம்.
முதலில் அனுப்பியதை அப்படியே திருப்பினார்:
"அன்புள்ள ஆவுடை,
கீழே ரிப்பன் வேண்டாம்,
இருபுறமும் தாங்கி நிற்கும் மிருகங்கள் வேண்டாம்,
அதெல்லாம் பின்னால் வந்த பகட்டு.
நிழல் அடிக்காதீர்கள்.
சிங்கத்துக்கு இத்தனை சதை எதற்கு?
அன்றைக்கு அதை வரைந்தவன்
சிங்கத்தைப் பார்த்திருக்கவே மாட்டான்."

இது சட்டென்று புரிந்தது.
கிருஷ்ணாபுரத்துத் தூணில் யாளி செதுக்கியவன்
யாளியைப் பார்த்துவிட்டா உளியை எடுத்தான்?

விதிகளைப் படித்தேன்.
பொன்னும் வெள்ளியும் உலோகம்;
அச்சில் வெறும் மஞ்சள், வெறும் வெள்ளை.
சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை,
அபூர்வமாய் ஊதா: இவை வர்ணம்.
உலோகத்தின்மேல் உலோகம் ஆகாது,
வர்ணத்தின்மேல் வர்ணம் ஆகாது.
மஞ்சளில் வெள்ளை எழுத்துக் கேட்கிறவர்களிடம்
பத்து வருஷமாய் நான் மன்றாடுவதும் இதுதான்.
வலது என்றால் பார்க்கிறவன் வலது அல்ல,
கேடயத்துக்குப் பின்னால் நிற்கிறவன் வலது.
இது ஒன்றுக்கு மட்டும் இரண்டு நாள் ஆயிற்று.
எழுந்துபோய் மானிட்டருக்குப் பின்னால்
நின்று பார்த்தேன்.

ஒரே அடையாளத்தைத் தூக்கிய இருவர்
வருஷக்கணக்காய் வழக்காடினார்களாம்.
பாளையங்கோட்டைக் கோர்ட்டில்
வரப்பு வழக்கு நடத்துகிறவர்கள்
சிரிக்காமல் கேட்பார்கள் இதை.

ஹெரன் என்றால் நாரை.
பெயரைப் பறவையாக்குவது அந்தக் காலத்துச் சிலேடை.
ஞாயிற்றுக்கிழமை கூந்தன்குளம் போனேன்.
கரையோரம் ஒற்றைக்காலில் ஒன்று,
வட்டிக்கு விட்டவன் வாசலில் நிற்பது மாதிரி.
தண்ணீர் சாம்பல், வானம் சாம்பல், அதுவும் சாம்பல்.
அசைந்தபோதுதான் இருந்தது தெரிந்தது.
அப்படியே வரைந்தேன்.

"அழகு. ஆனால் சாம்பலுக்கு இடமில்லை, ஆவுடை.
இருநூறு அடி தள்ளி, புழுதியில்,
வருகிறவன் நம்மவனா என்று தெரிய வேண்டும்.
தப்பினால் தலை போகும்."

நீலத்தில் வெள்ளி நாரை. அலகு பொன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு மூன்று பையன்கள்.
சைக்கிளுக்கு ஸ்டிக்கர்.
"படம் வேண்டாம்க்கா, பேரும் வேண்டாம்.
இந்த ரெண்டு கலர், பட்டையா.
தூரத்துல வரும்போதே தெரியணும்."
சின்னவன் மணிக்கட்டில்
அதே இரண்டும் கயிறாக.
ஒன்பதாம் வகுப்பு இருக்கலாம்,
மீசை இன்னும் உத்தேசம்தான்.
மிஷின் ரிப்பேர் என்றேன்.
எனக்குப் பின்னால் அது ஓடிக்கொண்டிருந்தது.
"வால, ஜங்ஷன்ல அடிச்சுக்கிடலாம்" என்று போனார்கள்.

வெள்ளிக்கிழமை பணம் வந்தது.
கூடவே இரண்டு வரி:
"உங்களுக்கும் ஒன்று வரைந்துகொள்ளுங்களேன்.
உங்கள் வீட்டு நிறங்கள் எவை?"

பாவம், அன்பாய்த்தான் கேட்டார்.

என் வீட்டு நிறங்கள் எனக்குத் தெரியும்.
எங்கள் ஊர் விலக்கில் நிற்கும்
மின்கம்பத்துக்குத் தெரியும், இடுப்புவரை.
அந்த நிறுத்தத்தில் ஏறினால்
கண்டக்டர் குரலுக்குத் தெரியும்.

கழித்துப்போட்ட ஃபைலைத் தேடி எடுத்தேன்.
சாம்பல் குளம், சாம்பல் நாரை.
ஒன்றும் எழுதாமல் அனுப்பினேன்.

பதில் வந்தது:
"விதிப்படி இது செல்லாது, ஆவுடை.
பக்கத்தில் வந்தால்தான் தெரிகிறது."

ஆமாம் என்று அடித்துவிட்டு
நாளை காலைக்குள் கொடுக்கவேண்டிய
காதணி விழாவைத் திறந்தேன்.
மஞ்சள் பின்னணி,
தாய்மாமன்கள் பதினோரு பேர்,
எல்லோருக்கும் வெள்ளை எழுத்து.